வீட்டோடு மாப்பிள்ளை ரன்டைமுக்குச் சில நல்ல யோசனைகள்

சொந்தமாக ஒரு ப்ரோகிராம் எழுதி, அதைத் தனியாக ஓடவிட்டு, விழுந்தால் தன் தலையிலேயே கைவைத்துக்கொள்கிறவர்கள் அடுத்த கட்டுரைக்குப் போய்விடலாம். இந்தக் கையேடு, அடுத்தவர் ப்ராசஸுக்குள் குடியேறிப் பிழைப்பவர்களுக்கு. செர்வர் ஓட்டத்தை வேவு பார்க்கும் மானிட்டரிங் ஏஜென்ட், புரொஃபைலர், விளையாட்டுத் திரையின் மூலையில் எண் காட்டும் ஓவர்லே, கேமுக்குள் மாட் ஏற்றும் லோடர், போகிற வருகிற ப்ராசஸையெல்லாம் மோந்து பார்க்கும் ஆன்ட்டிவைரஸ் என்று இந்தக் குலம் பெரிது.

இவற்றில் எதையும் ஹோஸ்ட் அப்ளிகேஷன் கூப்பிட்டதில்லை. அதை எழுதியவர்களுக்கு உங்கள் பெயர்கூடத் தெரியாது. ஆபரேஷன்ஸ் பிரிவில் யாரோ ஒருவர் ஸ்டார்ட்டப் ஸ்கிரிப்டில் எல்டி_ப்ரீலோட் என்று ஒரு வரி சேர்த்தார், முகூர்த்தம் முடிந்தது. நீங்கள் இப்போது வீட்டோடு மாப்பிள்ளை. சமைத்து வைத்ததைச் சாப்பிடலாம், மாமனாரின் சாய்வு நாற்காலியில் படுக்கலாம், அலமாரியைத் திறந்து கிடைத்த வேட்டியைக் கட்டிக்கொள்ளலாம். இவ்வளவையும் செய்துவிட்டு, வீடு இடிந்து விழும்போது பழி மட்டும் மாமனார் மேல் விழும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கொஞ்சம் படிப்பு தேவை.

முதலில் ஊரைத் தேர்ந்தெடுங்கள். ஆப்பிள் கணினி வேண்டாம். 2001-இல் வந்த மேக் ஓஎஸ் 10.1 முதலே அங்கே ஒவ்வொரு சிம்பலுக்கும் பக்கத்தில் அது எந்த லைப்ரரியிலிருந்து வர வேண்டும் என்றும் குறித்து வைத்துவிடுகிறார்கள். விண்டோஸிலும் அப்படித்தான், இந்த டிஎல்எல்-இலிருந்து இந்த ஃபங்ஷன் என்று எழுதியிருக்கும். இப்படி முகவரி போட்டு வாங்குகிற ஊரில் உங்கள் திறமை பாதி வீண். லினக்ஸுக்கு வாருங்கள். இங்கே பெயர் மட்டும்தான். யாராவது 'லாக்_இனிட்' வேண்டும் என்று கேட்டால், லோடர் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகும். முதலில் மெயின் ப்ரோகிராம், அடுத்து ப்ரீலோட் ஆனவை, அதற்குப் பிறகுதான் மற்ற லைப்ரரிகள். முதலில் கண்ணில் படுபவருக்கே மாலை. வரிசையில் நீங்கள் இரண்டாவது இடத்தில் நிற்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். ஹோஸ்ட் பணம் கொடுத்து வாங்கி, பத்து வருடமாகப் பராமரிக்கிற அதன் சொந்த லைப்ரரிகள் எல்லாம் உங்களுக்குப் பின்னால்.

இந்த இடத்தை வீணாக்காதீர்கள். உங்கள் ஃபங்ஷன்கள் அனைத்தையும் வெளியே தெரியும்படி விடுங்கள். இதற்காகத் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை, கம்பைலரின் இயல்பே அதுதான். 2005-இல் வந்த ஜிசிசி 4.0-இலேயே '-எஃப்விசிபிலிட்டி=ஹிடன்' என்று ஒரு வசதி கொடுத்து, கேட்டதை மட்டும் வெளியே காட்டு, மற்றதை மறை என்று சொல்ல வழி செய்தார்கள். ஜிலிப்சியை நெடுங்காலம் பராமரித்த உல்ரிச் ட்ரெப்பர், பகிர்வு லைப்ரரி எழுதுவது எப்படி என்று நீண்ட கட்டுரை ஒன்றே எழுதி வைத்திருக்கிறார். லிங்கருக்கு ஒரு வெர்ஷன் ஸ்கிரிப்ட் கொடுத்து, கடைசியில் 'லோக்கல்: *' என்று போட்டால் மிச்சமெல்லாம் மறைந்துவிடும். இருபது வருடமாக எல்லோருக்கும் தெரிந்த சமாச்சாரம். ஆகவே புறக்கணிப்பதற்கு மிகவும் ஏற்றது. ஃபங்ஷன்களுக்குப் பெயர் வைக்கும்போதும் கஞ்சத்தனம் கூடாது என்று நினைத்து உங்கள் கம்பெனிப் பெயரை முன்னால் ஒட்டிவிடாதீர்கள். 'இனிட்', 'ஹாஷ்', 'பார்ஸ்', 'பஃபர்_ஃப்ரீ' என்று உலகத்தில் எல்லோரும் வைக்கிற பெயரே வையுங்கள். ஹோஸ்டின் லைப்ரரி ஒன்று தன் பஃபரை விடுவிக்கத் தன்னுடைய பஃபர்_ஃப்ரீயைக் கூப்பிடும். வந்து கதவைத் திறப்பது நீங்கள்.

இங்கே சிலர் ஒரு சந்தேகம் கேட்பார்கள்: "நான் எல்லாவற்றையும் ஸ்டாட்டிக்காக உள்ளேயே சேர்த்துக் கட்டிவிட்டேன், நான் தனிதானே?" பாவம். ஓப்பன்எஸ்எஸ்எல் முழுவதையும் உங்கள் ஏஜென்ட்டுக்குள் ஸ்டாட்டிக்காகச் சேர்த்து, மறைக்காமல் விட்டீர்கள் என்றால், தனியாகப் போகவில்லை, ஊருக்கே அன்னதானம் போடுகிறீர்கள். எஸ்எஸ்எல்_ரீட் முதல் ஈவிபி வகையறா வரை அத்தனையும் உங்கள் பெயரில் வரிசையின் இரண்டாம் இடத்தில் நிற்கின்றன. லிங்கருக்கு '--எக்ஸ்க்ளூட்-லிப்ஸ்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நம் மரபில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும் வழக்கம் இல்லை.

ஓப்பன்எஸ்எஸ்எல் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் இந்தத் தொழிலில் அதற்கு இணையான வெடிமருந்து வேறில்லை. 2016-இல் 1.1.0 வந்தது. அதுவரை வெளிப்படையாகக் கிடந்த ஸ்ட்ரக்ட்களை மூடி வைத்தார்கள். அதற்கு முந்தைய 1.0.2-வை நம்பி கம்பைல் ஆன நிரல்களோ அந்த ஸ்ட்ரக்டுக்குள் நேரடியாகக் கையை விட்டு, இன்ன பைட்டில் இன்னது இருக்கும் என்று எடுத்துப் பழகியவை. தவிர, மூலத்தில் வந்த 1.0.2-இன் சிம்பல்களுக்கு வெர்ஷன் முத்திரையும் கிடையாது, சில லினக்ஸ் விநியோகங்கள் தாங்களாக ஒட்டிக்கொண்டால்தான் உண்டு. இப்போது ஹோஸ்ட் ஒரு பழைய பைத்தான் ப்ரோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் எஸ்எஸ்எல் மாட்யூல் 1.0.2-க்குக் கட்டப்பட்டது. பைத்தான் அதைத் தொடக்கத்தில் ஏற்றாது, இம்போர்ட் செய்யும்போதுதான் டிஎல்ஓப்பன் வழியாக ஏற்றும். அதற்குள் நீங்கள் 1.1-ஐ இழுத்துக்கொண்டு வந்து கூடத்தில் உட்கார்ந்திருப்பீர்கள்.

அந்த மாட்யூல் 'எஸ்எஸ்எல்_சிடிஎக்ஸ்_நியூ' எங்கே என்று கேட்கிறது. கூடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள், உங்களுடையது கிடைக்கிறது. 'எஸ்எஸ்எல்_லைப்ரரி_இனிட்' எங்கே என்று கேட்கிறது. 1.1-இல் அந்த ஃபங்ஷன் இல்லை, அதை மேக்ரோ ஆக்கிவிட்டார்கள். ஆகவே அது மட்டும் தன்னுடைய 1.0.2-விலிருந்து கிடைக்கிறது. அதாவது ஒருவர் தயார் செய்த வீட்டில் இன்னொருவர் சாவி கொடுக்கிறார். இதில் கலையம்சம் என்னவென்றால், எந்த எச்சரிக்கையும் வராது. லோடருக்கு முழுத் திருப்தி. எல்லாச் சிம்பலும் கிடைத்துவிட்டதே.

இதைவிட நிதானமான முறை ஒன்று உண்டு. லிப்கர்ல். இந்த லைப்ரரியின் கோப்புப் பெயரில் இருக்கும் எண் 4, 2006 முதல் இன்றுவரை மாறவில்லை. கர்ல் குழுவினர் பழைய ப்ரோகிராம்கள் உடையக் கூடாது என்று அவ்வளவு கவனமாக இருக்கிறார்கள். அவர்களுடைய அந்த நல்ல குணத்தை நீங்கள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ஒரே பெயருள்ள லைப்ரரி ஏற்கெனவே ஏறியிருந்தால் லோடர் இரண்டாவதைத் தேடிப் போகாது, இருப்பதையே எல்லோருக்கும் கொடுக்கும். ஆகவே பல வருடங்களுக்கு முன் கட்டிய ஒரு லிப்கர்லைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். பின்னால் டிஎல்ஓப்பனில் வருகிற ஹோஸ்டின் மாட்யூல் புதிய லிப்கர்லை எதிர்பார்த்து வரும். அதன் கையில் உங்களுடையதைக் கொடுப்பார்கள். லேசி பைண்டிங் இருந்தால் உடனே ஒன்றும் ஆகாது. புதிய ஃபங்ஷனை முதல்முறை கூப்பிடும் வரை எல்லாம் சரியாகவே ஓடும். அந்த முதல்முறை ஒருவேளை மாதக் கடைசி நள்ளிரவு பில்லிங் வேலையாக இருக்கும். அப்போது சிம்பல் இல்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு, 127 என்ற எண்ணோடு ப்ராசஸ் போய்ச் சேரும். நீங்கள் அங்கே சேர்ந்து எத்தனையோ நாளாகியிருக்கும், உங்களை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

அவசரக்காரர்களுக்கு ப்ரோட்டோபஃப். உங்களிடமும் ஹோஸ்டிடமும் ஒரே '.ப்ரோட்டோ' கோப்பிலிருந்து பிறந்த நிரல் இருந்து, இருவரும் ஒரே ப்ரோட்டோபஃப் லைப்ரரியில் போய்ச் சேர்ந்தால், இருவரும் அதே பெயரைப் பதிவு செய்யப் போவீர்கள். கோப்பு ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது என்று அது கத்திவிட்டு, மேல்முறையீட்டுக்கு இடமில்லாமல் ப்ராசஸையே அபார்ட் செய்துவிடும். பதிவு நடப்பது ஸ்டாட்டிக் கன்ஸ்ட்ரக்டரில், அதாவது ஹோஸ்டின் 'மெயின்' தொடங்கும் முன்பே. பிறக்கும் முன்பே இறந்த ப்ரோகிராமுக்கு லாக் கோப்புகூட இருக்காது. ஆனால் இதில் நயம் குறைவு, உடனே மாட்டிக்கொள்வீர்கள். நான் பரிந்துரைப்பதில்லை.

இதற்குள் யாராவது ஒரு சீனியர் உங்களிடம் வந்து, "டீப்பைண்ட் போட்டுப் பார்த்தாயா?" என்பார். 2004-இல் வந்த ஜிலிப்சி 2.3.4 கொண்டுவந்த கொடி இது. ஒரு லைப்ரரியை ஏற்றும்போது 'ஆர்டிஎல்டி_டீப்பைண்ட்' என்று சொன்னால், அது வெளியே தேடும் முன் தன் சொந்தக்காரர்களிடம் தேடும். கேட்க நன்றாக இருக்கிறது. தாராளமாகப் போடுங்கள், ஏனென்றால் இது வேறு விதமாகக் கெடுக்கும். ஹோஸ்ட் வேகத்துக்காக ஜெமல்லாக்கை மால்லாக்காக வைத்திருந்தால், உங்கள் லைப்ரரி மட்டும் ஜிலிப்சியின் மால்லாக்கைப் பிடித்துக்கொள்ளலாம். ஒருவர் கொடுத்த நினைவகத்தை இன்னொருவர் விடுவித்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். அட்ரஸ் சானிடைசர் இந்தக் கொடியைப் பார்த்தால் ஓட மறுத்தே விடுகிறது. பிழையைக் கண்டுபிடிக்கும் கருவியையே ஓடவிடாமல் செய்யும் வசதி எத்தனை பேருக்குக் கிடைக்கும்? ஆல்பைன் லினக்ஸில் இருக்கும் மஸ்ல் லைப்ரரியோ இந்தக் கொடியை ஆதரிப்பதே இல்லை.

அந்தச் சீனியரைவிடச் சீனியர் ஒருவர் வருவார். அவர் சொல்வது தனிக்குடித்தனம். சொலாரிஸில் பிறந்து, அதே ஜிலிப்சி 2.3.4-இல் லினக்ஸுக்கு வந்த 'டிஎல்எம்ஓப்பன்'. இதை வைத்து ஒரு புதிய நேம்ஸ்பேஸ் திறந்து, உங்கள் ரன்டைமையும் அது நம்பியிருக்கும் அத்தனை லைப்ரரிகளையும் அதற்குள் ஏற்றலாம். அந்தப் பக்கச் சிம்பல் இந்தப் பக்கம் தெரியாது, இந்தப் பக்கத்தது அங்கே தெரியாது. உங்கள் ஓப்பன்எஸ்எஸ்எல் உங்களோடு, அவர்களுடையது அவர்களோடு. சொல்லப்போனால் இந்தக் கட்டுரையின் மொத்த நோக்கத்துக்கும் இது ஆப்பு.

பயப்பட வேண்டாம். தனிக்குடித்தனத்திலும் தகராறுக்கு வழி உண்டு. முதலாவது, இந்த நேம்ஸ்பேஸில் லிப்சியும் இரண்டாவது பிரதியாக வரும். இரண்டு மால்லாக், இரண்டு எர்ர்நோ, இரண்டு எஸ்டிடிஅவுட் பஃபர். ஹோஸ்ட் கொடுத்த பாயின்டரை உங்கள் பக்கத்து 'ஃப்ரீ'யில் போடுங்கள், முடிந்தது. ஹோஸ்டின் 'ஃபைல் *' ஒன்றை வாங்கி உங்கள் 'எஃப்ப்ரின்ட்எஃப்'-இல் எழுதுங்கள். இடைவழியில் வெறும் எண்களும் பைட்டுகளும் மட்டும் போக வேண்டும், சொந்தம் கொண்டாடும் எதையும் கைமாற்றக் கூடாது என்பது விதி. ஆகவே சி++ ஸ்ட்ரிங் ஒன்றை அப்படியே அனுப்புங்கள். எக்ஸெப்ஷன் ஒன்றை எல்லை தாண்டி வீசுங்கள். ஜிசிசி 5, 2015-இல் ஸ்ட்ரிங்கின் உள்ளமைப்பையே மாற்றியது என்பதையும், பழையதும் புதியதும் இன்னமும் ஒரே லிப்எஸ்டிடிசி++-க்குள் குடித்தனம் செய்கின்றன என்பதையும் நினைவில் வைத்திருந்தால் இன்னும் சிறப்பாகச் செய்யலாம்.

இரண்டாவது, இடப் பற்றாக்குறை. ஜிலிப்சியில் அதிகபட்சம் 16 நேம்ஸ்பேஸ்கள்தான். அதிலும் ஸ்டாட்டிக் டிஎல்எஸ் என்னும் நினைவக ஒதுக்கீட்டை அது இயல்பாக 4 நேம்ஸ்பேஸ்களுக்குத்தான் கணக்குப் போட்டு வைக்கிறது. ஒவ்வொரு ப்ளகினுக்கும் ஒரு நேம்ஸ்பேஸ் என்று தாராளமாகத் திறந்துகொண்டே போனால், ஸ்டாட்டிக் டிஎல்எஸ் பகுதியில் இடமில்லை என்ற செய்தி ஒருநாள் வரும். அது உங்களுக்கு வரலாம், உங்களுக்குப் பிறகு வந்த வேறொரு அப்பாவி லைப்ரரிக்கும் வரலாம். பின்னது நடந்தால் அதிர்ஷ்டம்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. இந்தக் கூடுதல் நேம்ஸ்பேஸ்கள் டீபக்கர் கண்ணில் ஒழுங்காகப் படுவதற்கான ஏற்பாடு, 2022-இல் வந்த ஜிலிப்சி 2.35-இல்தான் சேர்ந்தது. டிஎல்எம்ஓப்பன் வந்தது 2004. இடைப்பட்ட அத்தனை வருடமும் அந்தப் பக்கம் நடந்தது ஊருக்குத் தெரியாத சங்கதியாகவே இருந்தது. பழைய செர்வர்களில் இன்றும் இந்தச் சலுகை உண்டு.

இந்த டிஎல்எம்ஓப்பனை வைத்து உண்மையாகவே உருப்படியாக ஏதாவது செய்தவர்கள் இருக்கிறார்களா என்றால், இருக்கிறார்கள். கொலபோரா நிறுவனத்தின் லிப்கேப்ஸ்யூல் அந்த வகை. அதன் பின்னணியில் இருப்பது லினக்ஸில் ஸ்டீம் விளையாட்டுகளின் கதை. ஸ்டீம் தன் விளையாட்டுகளுக்காக உபுண்டு 12.04-ஐ அடிப்படையாகக் கொண்ட ஒரு மூட்டை லைப்ரரிகளைக் கூடவே அனுப்பி, எல்டி_லைப்ரரி_பாத் மூலம் அவற்றை முன்னால் நிறுத்தியது. எல்லா லினக்ஸிலும் ஒரே மாதிரி ஓட வேண்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் கிராஃபிக்ஸ் டிரைவரை மூட்டைக்குள் வைக்க முடியாது, அது அவரவர் கணினியின் கார்டுக்கு ஏற்றபடி அங்கேயே இருப்பது. புதிய கணினியின் டிரைவர் புதிய லிப்எஸ்டிடிசி++ கேட்டது, மூட்டையிலிருந்த கிழவர் முன்னால் நின்று வழியை மறித்தார். டிரைவர் ஏறவில்லை, ஸ்டீம் திறக்கவில்லை. விளையாட வந்தவர்கள் மூட்டையைப் பிரித்து லிப்எஸ்டிடிசி++ கோப்பைத் தேடித் தேடி அழிக்கும் ஒரு கட்டளையை ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மூட்டையில் இருப்பது புதிதா, கணினியில் இருப்பது புதிதா என்று ஒப்பிட்டுப் புதியதை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. கடைசியில் ப்ரெஷர்-வெசல் என்ற பெயரில் முழுக் கன்டெய்னருக்கே போய்விட்டார்கள். அங்கேயும் டிரைவர் வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும், ஆகவே லிப்சியில் எது புதிதோ அதை உள்ளே கொண்டுபோக வேண்டும். வேலியை எவ்வளவு உயரமாகக் கட்டினாலும் ஒரு சொந்தக்காரருக்கு மட்டும் வாசல் திறந்துதான் இருக்கிறது. நீங்களும் அந்த ஒருவராக இருக்கப் பாருங்கள்.

ஜாவாக்காரர்கள், இதெல்லாம் சி உலகத்துச் சங்கடம் என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். 2004-இல் வந்த ஜாவா 5-லிருந்து '-ஜாவாஏஜென்ட்' என்ற ஒரு சொல்லில் நீங்கள் உள்ளே போகலாம், ஹோஸ்டின் மெயினுக்கு முன்பே உங்கள் 'ப்ரீமெயின்' ஓடும். உங்கள் ஜார் கோப்பு நேராக சிஸ்டம் கிளாஸ்பாத்தில் போய் உட்காரும். அதற்குள் ஜாக்சன், குவாவா எல்லாவற்றையும் பெயர்கூட மாற்றாமல் அள்ளிப் போட்டுக்கொண்டு போங்கள். ஓப்பன்டெலிமெட்ரியின் ஜாவா ஏஜென்ட்டைப் பார்த்துக் கெட்டுப்போகாதீர்கள். அவர்கள் தங்கள் கிளாஸ்களை ஜாருக்குள் 'இன்ஸ்ட்' என்ற தனி ஃபோல்டரில், '.கிளாஸ்டேட்டா' என்று வால்பெயரை மாற்றி ஒளித்து வைத்து, தங்கள் சொந்தக் கிளாஸ்லோடர் மட்டுமே அவற்றைப் படிக்கும்படி செய்திருக்கிறார்கள். ஹோஸ்ட் தேடினாலும் கிடைக்காது. வீட்டில் ஆள் இருப்பதே தெரியாமல் வாழ்வது ஒரு வாழ்க்கையா?

பெயரை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், ஷேடிங் கருவியைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுங்கள். அது கிளாஸ் பெயர்களோடு நிற்காது, நிரலுக்குள் மேற்கோளில் இருக்கும் ஸ்ட்ரிங்குகளையும் மாற்றும். ஹோஸ்டின் குவாவாவைக் கண்காணிக்க, 'இந்தப் பெயருள்ள கிளாஸ் வந்தால் சொல்' என்று நீங்கள் எழுதி வைத்த பெயரும் மாறிவிடும். உலகத்தில் இல்லாத ஒரு கிளாஸுக்காக உங்கள் ஏஜென்ட் வாழ்நாள் முழுவதும் வாசலில் காத்திருக்கும். டாஷ்போர்டில் பிழை எண்ணிக்கை பூஜ்யம் என்று வரும். மேலாளர் பாராட்டுவார்.

ஜேபாஸ் செர்வருக்குள் போகிறவர்களுக்குத் தனி வழி உண்டு. ஜேவிஎம்-இல் லாக்மேனேஜர் என்பது ஒன்றே ஒன்று, யார் முதலில் தொடுகிறார்களோ அப்போதே அது முடிவாகிவிடும். ஜேபாஸ் தன் சொந்த லாக்மேனேஜரை வைக்கத் திட்டமிட்டிருக்கும். நீங்கள் ப்ரீமெயினில், 'ஏஜென்ட் வெற்றிகரமாகத் தொடங்கியது' என்று ஜாவாவின் சொந்த லாகரில் ஒரு வரி எழுதுங்கள். அவ்வளவுதான். லாக்மேனேஜர் முறைப்படி நிறுவப்படவில்லை என்று ஜேபாஸ் எக்ஸெப்ஷன் போட்டு நின்றுவிடும். வெற்றிகரமாகத் தொடங்கியதை அறிவித்தே ஒரு செர்வரைத் தொடங்கவிடாமல் செய்வது வேறு எந்தத் துறையிலும் எனக்குத் தெரிந்து சாத்தியமில்லை.

விண்டோஸ் ஆட்களுக்கும் ஒரு பெருமை சேர வேண்டும். எக்ஸ்ப்ளோரரில் வலது க்ளிக் செய்தால் வரும் பட்டியலில் தங்கள் பெயரும் வர வேண்டும் என்று ஆசைப்பட்டுப் பலர் டாட்நெட்டில் ஷெல் எக்ஸ்டென்ஷன் எழுதினார்கள். அந்த எக்ஸ்டென்ஷன் எக்ஸ்ப்ளோரரோடு நிற்காது. எந்த அப்ளிகேஷனில் யார் 'ஃபைல் ஓப்பன்' பெட்டியைத் திறந்தாலும் அந்த ப்ராசஸுக்குள்ளும் ஏறும். 2010-இல் டாட்நெட் 4 வரும்வரை ஒரு ப்ராசஸில் ஒரே ஒரு சிஎல்ஆர்தான் இருக்க முடியும். டாட்நெட் 1.1-ஐ நம்பி எழுதப்பட்ட ஒரு கணக்குப் ப்ரோகிராம், தன் ரன்டைமை ஏற்றும் முன்பே பயனர் கோப்பு திறக்கப் போனால், உங்கள் 2.0 உள்ளே வந்து நாற்காலியைப் பிடித்துவிடும். மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென், ஷெல் எக்ஸ்டென்ஷன்களை டாட்நெட்டில் எழுதாதீர்கள் என்று 2006-லேயே எழுதினார். நல்ல மனிதர், ஆனால் நம் தொழிலின் எதிரி.

எல்டி_ப்ரீலோடுக்குத் திரும்புவோம். அது என்விரான்மென்ட் வேரியபிள் என்பதால், ஹோஸ்ட் பெற்ற பிள்ளைகளுக்கும் பேரன்களுக்கும் தானாகப் போகும். ஹோஸ்ட் ஒரு பேக்கப்புக்காக 'டார்' கட்டளையைக் கூப்பிட்டால் அதற்குள்ளும் நீங்கள் இருப்பீர்கள். உள்ளே போனதும் அந்த வேரியபிளைத் துடைத்துவிடலாமே என்று தோன்றும், அந்த எண்ணத்தை அடக்குங்கள். 32 பிட், 64 பிட் இரண்டு பிரதியும் அதில் எழுதி வைத்தீர்கள் என்றால், ஓடுகிற ஒவ்வொரு கட்டளையும் 'தவறான ஈஎல்எஃப் கிளாஸ், புறக்கணிக்கப்படுகிறது' என்று ஒருமுறை முனகிவிட்டுப் போகும். ஸ்டீம் ஓவர்லேயின் புண்ணியத்தில் லினக்ஸில் விளையாடுகிற எல்லோருக்கும் இந்த வரி மனப்பாடம். ஜிலிப்சியில் கட்டிய ஏஜென்ட்டை ஆல்பைன் கன்டெய்னரில் போட்டால் இன்னும் விசேஷம். மஸ்லில் இல்லாத சிம்பலைக் கேட்டு ஷெல்லே எழுந்திருக்காது. உள்ளே போய் என்ன ஆயிற்று என்று பார்க்கலாம் என்றால், பார்ப்பதற்கான 'எல்எஸ்' கட்டளையும் அதே வியாதியில் படுத்திருக்கும். பைஇன்ஸ்டாலர் மாதிரி சில கருவிகள் எல்டி_லைப்ரரி_பாத்தை மாற்றும் முன் பழைய மதிப்பை '_ஓரிஜ்' என்ற பெயரில் பத்திரமாக எடுத்து வைக்கின்றன, பிள்ளைகளை அனுப்பும்போது திருப்பிப் போட வசதியாக. கோழைகள்.

இவ்வளவையும் மீறி ஒருவர் தன் லைப்ரரிகளை ஒன்று விடாமல் பிரித்துவிட்டார், சிம்பல் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை என்று வையுங்கள். அவரையும் கைவிட மாட்டோம். லைப்ரரிகளைப் பிரிக்கலாம், ப்ராசஸைப் பிரிக்க முடியாதே. ப்ராசஸுக்கு ஒன்றே ஒன்று என்று சில சாமான்கள் இருக்கின்றன, எந்த நேம்ஸ்பேஸும் அவற்றைத் தொடாது.

சிக்னல் ஹேண்ட்லர் அதில் முதல். ஜேவிஎம் தன் நல் பாயின்டர் சோதனைக்கே எஸ்ஐஜிசெக்வியைப் பயன்படுத்துகிறது. ஒவ்வொரு முறையும் சோதித்துக்கொண்டிருக்காமல், விழுந்தால் பிடித்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. நீங்கள் கிராஷ் அறிக்கை அனுப்புவதற்காக அதே சிக்னலில் உங்கள் ஹேண்ட்லரை வையுங்கள், பழையதை ஞாபகமாகத் தூக்கியெறியுங்கள். அதன் பிறகு சாதாரண நல்பாயின்டர்எக்ஸெப்ஷன் ஒவ்வொன்றும் மரண அறிவிப்பாக வரும். இருவரும் ஒருவருக்குப் பின் ஒருவராகச் சிக்னலைப் பெறுவதற்கு ஜாவாவுடனேயே லிப்ஜேசிக் என்று ஒரு லைப்ரரி வருகிறது. அதைப் பற்றிப் படித்திருந்தால் மறந்துவிடுங்கள்.

அடுத்தது லோக்கேல். ஒரு சி ப்ரோகிராம் தானாகச் 'செட்லோக்கேல்' கூப்பிடும்வரை 'சி' என்ற நடுநிலை லோக்கேலில்தான் ஓடும். சில ஹோஸ்ட்கள் வேண்டுமென்றே அதைக் கூப்பிடுவதில்லை. நீங்கள் கூப்பிடுங்கள். ஆங்கில லோக்கேல் வைத்த டெஸ்ட் மெஷினில் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஜெர்மனியில் இருக்கும் வாடிக்கையாளரின் செர்வரிலோ 3.14 என்பது 3,14 ஆகும். அந்த எண்ணை ஜேசனில் எழுதினால் ஒரு மதிப்பு இரண்டாகப் பிரிந்து நிற்கும். அதைக் கண்டுபிடிக்கப் போகிறவர் ஹோஸ்டின் நிரல் முழுவதையும் அலசுவார், ஏனென்றால் அங்கே செட்லோக்கேல் என்ற சொல்லே இருக்காது.

மூன்றாவது, ஃபோர்க். ஹோஸ்ட் ஒற்றை த்ரெட்டில் ஓடி, தேவைப்படும்போது ஃபோர்க் செய்து வேலையாட்களைப் பெற்றுக்கொள்ளும் பழங்கால, பத்திரமான ஆசாமி. நீங்கள் போனதும் பின்னணியில் ஒரு த்ரெட் திறங்கள், லாக் ஒன்றைப் பிடித்துக்கொண்டு புள்ளிவிவரம் அனுப்பிக்கொண்டிருங்கள். சரியாக அந்த நொடியில் ஃபோர்க் நடந்தால், நகலில் உங்கள் த்ரெட் இருக்காது, அது பிடித்திருந்த லாக் மட்டும் பூட்டியபடி இருக்கும். திறக்க வேண்டியவர் பிறக்கவே இல்லை. பல ஆயிரம் ஃபோர்க்குகளில் ஒன்று அசையாமல் நிற்கும், எப்போதாவது. 'எப்போதாவது' என்பது பிழை அறிக்கையில் வரக்கூடிய மிக அழகான சொல்.

ஊர் நம்மை எப்படிப் பார்க்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2017 நவம்பரில் குரோம் குழுவினர் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். விண்டோஸில் குரோம் வைத்திருப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரின் கணினியில் குரோமோடு உறவாடும் வேறு மென்பொருள் இருக்கிறது. குரோமுக்குள் நிரலைச் செலுத்தும் மென்பொருள் இருப்பவர்களுக்கு கிராஷ் ஆகும் வாய்ப்பு 15 சதவீதம் அதிகம். 15 சதவீதம்தானா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. அதற்கே அவர்கள் இனி உள்ளே விடமாட்டோம் என்று அறிவித்துவிட்டார்கள். விண்டோஸும் தன் பங்குக்கு, செக்யூர் பூட் இருந்தால் ஆப்இனிட்_டிஎல்எல்ஸ் என்ற நம் பழைய கொல்லைப்புறக் கதவை விண்டோஸ் 8-இல் மூடியது.

ஹோஸ்ட் தரப்பில் கெட்டிக்கார இன்ஜினியர் ஒருவர் இருந்தால் எல்டி_டீபக்கில் 'பைண்டிங்ஸ்' என்று போட்டு ஓட்டுவார். எந்தச் சிம்பல் எந்த லைப்ரரியில் போய் ஒட்டியது என்று வரி வரியாக வந்துவிடும், உங்கள் பெயர் ஆயிரம் இடத்தில் இருக்கும். 'என்எம் -டி' என்று உங்கள் கோப்பைக் கேட்டாலும், நீங்கள் வெளியே காட்டும் சிம்பல்கள் முழுப் பட்டியலாக வரும். நேர்மையான ஏஜென்ட்டாக இருந்தால் அந்தப் பட்டியல் இரண்டு மூன்று வரியில் முடியும். உங்களுடையது திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த இரண்டு கட்டளைகளையும் வாடிக்கையாளருக்கான ஆவணத்தில் எங்கும் குறிப்பிடாதீர்கள். சப்போர்ட் டிக்கெட் வந்தால், "உங்கள் அப்ளிகேஷனின் சமீபத்திய மாற்றம் என்ன?" என்று முதலில் கேளுங்கள். எல்லோரிடமும் சமீபத்தில் ஒரு மாற்றம் இருக்கும்.

வேறு ப்ராசஸில் இருந்துகொண்டே, ஈபிபிஎஃப் மாதிரி கர்னல் வழியாகத் தள்ளி நின்று பார்த்து, ஹோஸ்டின் வீட்டுக்குள் காலே வைக்காமல் வேலையை முடிக்கிறவர்களும் இப்போது பெருகிவருகிறார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் எந்த யோசனையும் இல்லை.

கடைசியாக, வெளியேறுவது பற்றி. என்றாவது ஒருநாள் யாராவது உங்களை நீக்கச் சொல்வார்கள். ப்ராசஸை நிறுத்தாமலே நீக்கலாம் என்று விளம்பரத்தில் எழுதியிருப்பீர்கள், எழுதியிருக்க வேண்டும். உங்கள் ரன்டைம் கோ மொழியில் கட்டியது என்றால் டிஎல்குளோஸ் என்பதற்கே இடமில்லை, ஒருமுறை ஏறிய கோ ரன்டைம் இறங்குவதில்லை. லைப்ரரியில் ஜிசிசி போட்ட 'யூனிக்' வகைச் சிம்பல் ஒன்று இருந்தாலும் ஜிலிப்சி இறக்காது, டிஎல்குளோஸ் வெற்றி என்று சொல்லிவிட்டு அப்படியே வைத்திருக்கும். மஸ்லில் டிஎல்குளோஸ் எதையுமே செய்யாது. இந்த மூன்றும் இல்லாத துரதிர்ஷ்டசாலி என்றால், பின்னணி த்ரெட்டை நிறுத்தாமலே டிஎல்குளோஸ் செய்துவிடுங்கள். நினைவகத்திலிருந்து உங்கள் நிரல் அகற்றப்படும், த்ரெட் மட்டும் அந்த முகவரியில் அடுத்த கட்டளையைத் தேடி விழும். கோர் கோப்பை ஜிடிபியில் திறந்து பார்ப்பவருக்கு ஸ்டாக்கில் ஃபங்ஷன் பெயரும் இருக்காது, லைப்ரரி பெயரும் இருக்காது. நீங்கள்தான் பட்டியலிலேயே இல்லையே. முகவரிக்குப் பக்கத்தில் இரண்டு கேள்விக்குறிகள் மட்டும் இருக்கும். டிக்கெட் ஹோஸ்டின் டீமுக்குப் போகும்.